சத்தம் போடாத பெட்டி

பிளக்கைப் பிடுங்கினார் இன்ஸ்பெக்டர் யாஸ்மின்.

ஸ்டேஷன் மேஜை மேலிருந்த மூச்சு மெஷின் நிற்கவில்லை. அதன் பச்சை விளக்கு ஒரு தடவைகூடச் சிமிட்டவில்லை. முகமூடிக் குழாய் வழியாகக் காற்று சன்னமாக வந்துகொண்டே இருந்தது. அந்த முகமூடியைப் போட்டு மூச்சு விட்ட சின்னாத்தாள் போன வாரமே போய்ச் சேர்ந்துவிட்டார். மெஷின் மட்டும் அவருக்காக இன்னும் ஊதிக்கொண்டிருந்தது.

"நல்லாப் பாத்துக்குங்க," என்றார் யாஸ்மின். "கரண்டைப் புடுங்கிட்டேன். மெஷின் நின்னுச்சா? நிக்கல. ஏன்னா இந்தப் பேக்கப் பெட்டி நல்லா இருக்கு. பேட்டரியும் நல்லா இருக்கு. மணிக்கணக்கா ஓட்டியே பாத்துட்டேன். இதுக்கு மேல என்னத்தத் துப்பறியப் போறீங்க?"

கேள்வி மாசாணியம்மாளுக்கு. காந்திபுரத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவர். அதற்கு முன்பு இன்சூரன்ஸ் சர்வேயர். எரிந்த கடை, கவிழ்ந்த லாரி, செத்த மாடு என்று பார்த்துப் பார்த்தே பொய்யைப் பிடித்துப் பழகியவர். மனிதர்கள் பேசினால் பாதிதான் காதில் வாங்குவார். பொருள்களை மட்டும் முழுதாகப் பார்ப்பார்.

பக்கத்தில் நின்ற அருள்குமார் அவருடைய உதவியாளன். விசிட்டிங் கார்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது. உண்மையில் அவன் ஒரு வாய், அதற்குக் கையும் காலும் முளைத்திருந்தன.

"மேடம், ஆனைமலைக் கோயில்ல மிளகா அரைச்சுப் பூசினாத்தான் மாசாணியம்மன் நியாயம் சொல்லும்," என்றான். "எங்கக்காவுக்கு ஒரு டீயும் தேங்கா பன்னும் போதுங்க."

யாஸ்மின் சிரிக்கவில்லை. அந்த அறையில் சிரிக்கிற நிலைமையில் யாருமே இல்லை. சுவரோரம் பெஞ்சில் மெர்சி உட்கார்ந்திருந்தாள். மாசாணியைக் கூட்டி வந்தது அவளுடைய அண்ணன்தான். அவளை மாஜிஸ்ட்ரேட்டிடம் கொண்டுபோகும் வண்டி சாயங்காலம் வரும்.

விஷயம் இவ்வளவுதான். கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் சரவணனின் அம்மா சின்னாத்தாள். நுரையீரல் சுருங்கிப்போன நோய், மூச்சு மெஷின் இல்லாமல் படுக்க முடியாது. மகனும் மருமகளும் கோயமுத்தூரில். அம்மாவோ தோட்டத்து வீட்டை விட்டு வர மறுத்துவிட்டார். அதனால் பார்த்துக்கொள்ள நர்ஸ் மெர்சியை வைத்தார்கள். கரண்ட் போனால் மெஷினைத் தாங்கிப் பிடிக்க இந்தப் பெட்டியை வாங்கி மாட்டினார்கள். போன வாரம் மாதாந்திர ஷட்டவுன். காலையில் கரண்ட் போனது, மெஷினும் நின்றது. ஆம்புலன்ஸ் தென்னந்தோப்புக்குள் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"அந்த ரூம்ல ஒரே ஒரு பிளக் பாயிண்ட்," என்றார் யாஸ்மின். "ராத்திரி தன் போனுக்குச் சார்ஜ் போட இந்தப் பொண்ணு பெட்டி வயரைப் புடுங்கிட்டா. ராத்திரி பூரா மெஷின் பேட்டரியிலயே ஓடுச்சு, சார்ஜ் ஏறல. காலைல கரண்ட் போனதும் காலிப் பேட்டரி. மகன் அப்படித்தான் புகார் குடுத்திருக்கார். வேற எப்படி நடந்திருக்க முடியும், நீங்களே சொல்லுங்க."

"நா வயரைத் தொடவே இல்லீங்க," என்றாள் மெர்சி. குரல் கட்டியிருந்தது. இதைப் பலமுறை சொல்லியிருக்கிறாள் என்பது தெரிந்தது. "கரண்ட் போறப்பெல்லாம் பெட்டிக்குள்ள டக்குனு ஒரு சத்தம் வருமுங்க. அன்னிக்கும் வந்துச்சு. மெஷின்ல லைட்டு எரிஞ்சுது. சித்த நேரத்துல பொசுக்குனு அணைஞ்சுபோச்சு. பெட்டி கொஞ்ச நாளாவே கொதிக்கக் கொதிக்க இருந்துச்சுங்க. அம்மாவோட மகன்கிட்ட போன்லயும் சொல்லிப்போட்டேன்."

யாஸ்மின் பிளக்கை மாட்டினார். மறுபடி பிடுங்கினார். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை.

"எங்கம்மா அந்த டக்கு?" என்றார் யாஸ்மின். "தொட்டுப் பாரு, ஜில்லுனு இருக்கு. நீ சொன்ன ரெண்டுமே பொய்."

மெர்சி பெட்டியையே பார்த்தாள். தன் காதையே சந்தேகப்படுகிற ஒரு பார்வை அது. மாசாணிக்கு அதைப் பார்க்க நன்றாக இல்லை. பொய் சொல்கிறவர்கள் அப்படிப் பார்ப்பதில்லை என்பது அவருக்குத் தெரியும். அது சாட்சி ஆகாது என்பதும் தெரியும்.

அவர் குனிந்து பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வெள்ளை இரும்புப் பெட்டி. சின்னக் கம்பெனிச் சரக்கு, மூலையில் கோயமுத்தூர் கணபதி விலாசம் மட்டும் இருந்தது, சீரியல் நம்பர் எதுவும் அடிக்கவில்லை. முகப்பில், விளக்குக்கு மேலே, காய்ந்துபோன ஒரு சந்தனப் பொட்டும் அதன் நடுவில் குங்குமமும் இருந்தன. கோயமுத்தூர் வட்டாரத்தில் ஆயுத பூஜை முடிந்தால் லேத்திலிருந்து ஸ்கூட்டர்வரை எல்லாவற்றின் நெற்றியிலும் இருக்கும் அதே பொட்டு. யாரும் அதைத் துடைப்பதில்லை. பழகிப்போன கண்ணுக்கு அது தெரிவதும் இல்லை.

"இந்தப் பெட்டி எப்ப வாங்கினதுங்க?"

"ஆடி மாசம். மகனும் அதான் சொல்றார், இவளும் அதான் சொல்றா."

"ஆமாங்க," என்றாள் மெர்சி. "ஆடியில மாட்டினதுங்க. அப்பறம் யாரும் கழட்டலீங்க."

மாசாணி நிமிர்ந்தார். "வண்டி வர்ற வரைக்கும் எனக்கு நேரம் குடுங்க மேடம்."

"வண்டி வந்துட்டா நான் நிறுத்தி வெக்க முடியாது."

வாசலை நோக்கி நடந்தவரை மெர்சியின் குரல் நிறுத்தியது. "அக்கா, ஜெயிலு கூடப் பெருசில்லீங்க. அம்மாவைக் கொன்னவள்னு பேரு வந்துட்டா, இனி ஒரு சீக்காளிய என்ற கைல யாருங்க ஒப்படைப்பாங்க? எனக்கு வேற வேலை தெரியாதுங்க."

மாசாணி அருள்குமாரைக் கூட்டிக்கொண்டு காருக்கு நடந்தார்.

*

தென்னந்தோப்புக்குள் கார் நுழைந்ததுமே வெளிச்சம் பாதியாகக் குறைந்தது. மட்டைகள் உரசிக்கொள்ளும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. வீட்டுக்குள் விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

மருமகள் வர்ஷினிதான் கதவைத் திறந்தாள். நல்ல பெண். போலீஸ் அனுப்பியதா, யார் அனுப்பியது என்றெல்லாம் கேட்காமல் மோர் கொண்டுவரப் போனாள். மாசாணி நேராகச் சின்னாத்தாளின் அறைக்குப் போனார்.

கட்டிலைத் தூக்கி வெளியே போட்டிருந்தார்கள். சுவரில் பெட்டி தொங்கிய ஆணி மட்டும் இருந்தது. ஆணிக்குக் கீழே நீலச் சுண்ணாம்புச் சுவரில் பெட்டியின் அளவுக்கு ஒரு பழுப்புக் கறை. மாசாணி விரலால் தடவினார். அழுக்கில்லை. பல நாள் சூட்டில் சுண்ணாம்பே கருகியிருந்தது.

"அக்கா, ஸ்டேஷன்ல இருக்கற பெட்டி தயிர்ச்சட்டியாட்டம் ஜில்லுனு இருக்கு," என்றான் அருள்குமார். "இங்க சுவரு தோசைக்கல்லாட்டம் வெந்திருக்கு. ரெண்டுக்கும் ஒத்துப்போகலையே?"

"பேசாம வா அருளு."

அதன்பிறகு மாசாணி செய்ததை அருள்குமாரே எதிர்பார்க்கவில்லை. சமையலறைக்குப் போய் கிரைண்டரின் முன்னால் நின்றார். பின்கட்டுக்குப் போய் வாஷிங் மெஷினைப் பார்த்தார். கொட்டகையில் டிராக்டரின் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். ஸ்கூட்டர், தேங்காய் உரிக்கும் மெஷின், கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டர் என்று ஒன்றைக்கூட விடவில்லை.

"ஏனக்கா, வாங்கறதுக்குப் பாக்கறீங்களா, விக்கறதுக்குப் பாக்கறீங்களா?"

"என்னுங்க பாக்கறீங்க?"

இரண்டாவது குரல் அருள்குமாருடையது அல்ல. மோட்டார் ரூம் மறைவிலிருந்து சரவணன் வந்து நின்றான். வெள்ளை வேட்டி, மழிக்காத தாடி, தூங்காத கண்கள். பின்னால் கிணறு.

"சும்மா பாத்தமுங்க," என்றார் மாசாணி.

"பாத்துட்டீங்கல்லங்க. அப்ப கெளம்பலாமுங்க. எழவு விழுந்த ஊட்டுல மோட்டாரையும் டிராக்டரையும் நோண்டிட்டு இருந்தா நல்லா இருக்காதுங்க. உங்களுக்குத்தான் சொல்றேனுங்க."

கொங்கு நாட்டில் மிரட்டலுக்கும் 'ங்க' போடுவார்கள். அது போடப் போடத்தான் பயம் வரும். அருள்குமார் தன்னையறியாமல் கிணற்றுச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டான்.

மாசாணி வாசலுக்கு வந்து வர்ஷினி கொடுத்த மோரை வாங்கிக் குடித்தார். சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது சும்மா பேச்சுக்குக் கேட்பது போலக் கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, இவ்ளோ வண்டி வாகனம் இருக்குது. ஆயுத பூசைக்கு ஒண்ணுத்துக்கும் பொட்டு வெக்கலையாட்ட இருக்குதுங்களே?"

"எப்படீங்க வெக்கறது?" என்றாள் வர்ஷினி. "மாமா பங்குனியில தவறினாங்க. வருசம் திரும்பலீங்களே. இந்த வருசம் ஒரு நோம்பியும் கும்பிடலீங்க. தீவாளிக்கு எண்ணெச் சட்டி கூட வெக்கல. பொட்டு வெச்சுக்கலாமான்னு டிராக்டர் ஓட்டறவர் கேட்டதுக்கே அத்தை அப்படிச் சத்தம் போட்டாங்க."

"அப்படீங்களா," என்றார் மாசாணி.

சரவணன் கொட்டகையிலிருந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே அவனுக்கு எதுவும் கேட்டிருக்காது. கார் தோப்பைத் தாண்டும்வரை அவன் அசையவில்லை.

*

கார் பொள்ளாச்சி ரோட்டில் ஏறியதும் அருள்குமார் தொடையில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டான்.

"பொட்டு! ஸ்டேஷன் பெட்டியில பொட்டு இருக்குது!"

"இப்பத்தான் தெரிஞ்சுதா?"

"ஆயுத பூசை அன்னிக்கு அந்த ஊட்டுல ஒரு மெஷினுக்கும் பொட்டு வெக்கல. ஆடி மாசத்துல இருந்து அதே ஊட்டுச் சுவத்துல தொங்கின பெட்டிக்கு மட்டும் எப்படிப் பொட்டு வந்துச்சு? ஒருவேளை மெர்சி வெச்சிருந்தா?"

"ஞாயித்துக்கெழம தவறாம சர்ச்சுக்குப் போற புள்ளை அது. அதுவே ஆசைப்பட்டாலும் அந்தம்மா உட்டிருப்பாங்களா?"

"அப்ப அது அந்தப் பெட்டியே இல்ல!"

"ஆயுத பூசை அன்னிக்கு அது வேற எங்கயோ இருந்துச்சு," என்றார் மாசாணி. "பூசை போட்ட ஒரு எடத்துல. அந்தம்மா செத்த பொறவு யாரோ ஆணியில இருந்த பெட்டியைக் கழட்டிட்டு இதை மாட்டியிருக்காங்க. நம்ம ஊருல பொட்டு இல்லாத மெஷின்தான் கண்ணுக்கு உறுத்தும். பொட்டு இருந்தா யாரு பாக்கப் போறா? மாட்டினவங்களும் பாக்கல."

அருள்குமாருக்கு உடனே குற்றவாளி கிடைத்துவிட்டான். அவனுக்கு எப்போதும் சீக்கிரம் கிடைத்துவிடும். "செஞ்ச கம்பெனிதானக்கா! கெட்டுப்போன பெட்டி வெளிய தெரிஞ்சா கடையை மூடணும். ராவோட ராவா வந்து மாத்திப்போட்டாங்க. நேரா அங்க போறோம், கழுத்தைப் புடிக்கறோம்."

"அங்கதான் போறோம்," என்றார் மாசாணி. "கழுத்தைப் பத்தி அப்பறம் பாக்கலாம்."

*

கணபதியில் லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒரு சந்து. சந்தின் கடைசியில் ஒரு ஷெட். உள்ளே டேபிள் லைட்டின் கீழே யுவஸ்ரீ ஒரு போர்டுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தாள். முதலாளி, இன்ஜினியர், டெலிவரி எல்லாமே அவள்தான். முப்பது வயதுகூட இருக்காது.

அருள்குமார் சுற்றிப் பார்த்தான். டிரில்லிங் மெஷினுக்குப் பொட்டு. சால்டரிங் ஸ்டாண்டுக்குப் பொட்டு. டீ ஃபிளாஸ்குக்கும் பொட்டு. எல்லாம் ஒரே கை வைத்தது, சந்தனம் பெரிதாக, குங்குமம் சின்னதாக. ஸ்டேஷனில் பார்த்ததும் அதே கைதான். அவன் மாசாணியைப் பார்த்து வெற்றிச் சிரிப்பு ஒன்று சிரித்தான்.

"கிணத்துக்கடவு சரவணன் வீட்டுக்கு நீங்க குடுத்த பெட்டி," என்று ஆரம்பித்தார் மாசாணி.

யுவஸ்ரீயின் முகம் மலர்ந்தது. "நல்லா ஓடுதுங்களா?"

அந்த மலர்ச்சியைப் பார்த்து அருள்குமாரின் சிரிப்பு கொஞ்சம் வாடியது.

"அவருக்கு என்ன பெட்டி குடுத்தீங்கன்னு சொல்லுங்க, பொறவு பேசலாம்."

யுவஸ்ரீ இரண்டு பெட்டிகளைத் திறந்து மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். "எங்ககிட்ட ரெண்டு தினுசுங்க. இது சாதா. கரண்ட் இருக்கற வரைக்கும் மெஷின் கரண்ட்லயே ஓடும், பேட்டரி ஓரமா உக்காந்திருக்கும். கரண்ட் போனா இந்த ரிலே தாவி பேட்டரிக்கு மாத்தி உடும்."

அவள் ஸ்விட்சை அணைத்தாள்.

டக்.

ஷெட்டுக்குள் அந்தச் சத்தம் சின்னதாக, தெளிவாகக் கேட்டது. அருள்குமார் மாசாணியைத் திரும்பிப் பார்த்தான். அவர் கண்ணை மூடியிருந்தார். மெர்சி சொன்னது பொய்யில்லை.

"இதுல இருக்கற சார்ஜருக்குப் பேட்டரி ரொம்பிடுச்சுன்னு தெரியாதுங்க," யுவஸ்ரீ தொடர்ந்தாள். "வவுறு ரொம்பின கொழந்தைக்கு ஊட்டிட்டே இருக்கற மாதிரி ஏத்திட்டே இருக்கும். சூடாகும், மாசக்கணக்குல பேட்டரி உப்பிப்போயிரும். அப்பறம் பேருக்குத்தான் பேட்டரி. வாசல் கேமராவுக்கோ மோடத்துக்கோ இது போதுங்க, நின்னாலும் யாரும் சாக மாட்டாங்க. இன்னொண்ணு இது. பேட்டரி எந்நேரமும் லைன்லயே இருக்கும். ரொம்பினதும் சார்ஜ் தானா நின்னுக்கும். கரண்ட் போறது மெஷினுக்கே தெரியாது. தாவறதுக்கு ஒண்ணும் இல்ல, அதனால சத்தமும் இல்ல."

"சரவணன் எதை எடுத்தாரு?"

"சாதாவைத்தானுங்க." அவள் குரல் இறங்கியது. "மூச்சு மெஷினுக்கு இது ஆகாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். ரெண்டையும் கையில தூக்கிப் பாத்தாரு. எப்பவாச்சும் ஒரு நாள் போற கரண்டுக்கு இதே எச்சு, இதுக்கு மேல எதுக்குன்னு சொல்லிப்போட்டு எடுத்துட்டுப் போயிட்டாரு. நா குடுத்திருக்கக் கூடாதுங்க. அது என்ற தப்புத்தான்."

"கேட்டியா அருளு," என்றார் மாசாணி மெதுவாக. பிறகு சுவரோரத் தட்டைக் காட்டினார். வரிசையாகப் பெட்டிகள் இருந்தன, நடுவில் ஒரு இடம் மட்டும் காலி. "அங்க இருந்தது?"

"சாம்பிள் பீசுங்க. நல்ல தினுசு. அதையும் அவரேதான் வந்து வாங்கிட்டுப் போனாரு. சாதாப் பெட்டி சூடாகுது, அம்மாவுக்கு நல்லதே வேணும்னு கேட்டாரு. செஞ்சு முடிச்ச சரக்கு வேற கையில இல்ல. சாம்பிளையே குடுங்கன்னு நின்னாரு. எனக்கு ரொம்ப சந்தோசமுங்க. கழட்டிக் குடுத்துப்போட்டேன்."

கடைக்காரியின் கழுத்தைப் பிடிக்க வந்த அருள்குமாருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மாற்றியது கம்பெனி இல்லை, பெற்ற மகன்.

"அம்மணி, கொஞ்சம் உக்காருங்க," என்றார் மாசாணி. உட்கார வைத்துவிட்டுத்தான் சின்னாத்தாள் இறந்ததைச் சொன்னார். இறந்த நாளையும் சொன்னார்.

யுவஸ்ரீ கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தாள். சன்னலுக்கு வெளியே சந்தைப் பார்த்தாள். பிறகு, சரவணன் இரண்டாவது தடவை வந்த நாளைப் பற்றி அவளுக்கு நினைவில் இருந்ததை மெல்லச் சொன்னாள்.

அவள் சொல்லி முடித்தபோது அருள்குமாரின் முகத்தில் கிண்டலின் சாயல்கூட இல்லை. ஃபோனை எடுத்த யுவஸ்ரீ, சாதாப் பெட்டி வாங்கிப்போன ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, நோயாளி மெஷினுக்கு அதை மாட்டியிருக்கிறீர்களா என்று கேட்க ஆரம்பித்தாள். காரில் ஏறிய பிறகும் கேட்டுக்கொண்டே வந்தாள். கணபதியிலிருந்து கிணத்துக்கடவுவரை அருள்குமார் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனைத் தெரிந்தவர்களுக்கு அது நல்ல சகுனம் இல்லை என்று தெரியும்.

*

அவர்கள் வந்து சேர்ந்தபோது ஸ்டேஷன் வாசலில் வண்டி நின்றிருந்தது. மெர்சி எழுந்து நின்றிருந்தாள். பெண் போலீஸ் ஒருவர் அவள் கையைப் பிடித்திருந்தார். புகார்க்காரன் என்ற முறையில் கையெழுத்துப் போடச் சரவணனும் வந்திருந்தான். யுவஸ்ரீ கார் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

"ஒரு நிமிசம் மேடம்," என்றார் மாசாணி. பொட்டைப் பற்றிச் சொன்னார். வருசம் திரும்பாத வீட்டைப் பற்றிச் சொன்னார். கருகிய சுவரைப் பற்றிச் சொன்னார். சொல்லச் சொல்ல யாஸ்மினின் கண்கள் பெட்டிக்கும் சரவணனுக்குமாக நகர்ந்தன.

"பெட்டியை மாத்தினீங்களா?" என்றார் யாஸ்மின்.

சரவணன் பதறுவான் என்று அருள்குமார் எதிர்பார்த்தான். அவன் பதறவில்லை.

"ஆமாங்க, மாத்தினேன்," என்றான். "இதை மறைக்க என்னங்க இருக்குது? பழசு சூடாச்சு. அம்மா சாகறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே நாந்தான் நல்லது வாங்கிட்டு வந்து மாட்டினேன். நீங்க கேக்கல, நா சொல்லல. அன்னிக்கு எங்கம்மா தலைமாட்டுல இருந்தது இந்த நல்ல பெட்டிதானுங்க. இதுக்குச் சார்ஜ் ஏறாம பண்ணினது இவதான்."

"ஐயோ, இல்லீங்க!" என்றாள் மெர்சி. "அந்தப் பெட்டியைக் கழட்டவே இல்லீங்க!"

"அவ வேற எப்படிங்க சொல்லுவா?"

பொட்டும் போனது, கறையும் போனது. மாசாணி நாளெல்லாம் அலைந்து சேர்த்ததை ஒரே பதிலில் ஊதித் தள்ளிவிட்டான். யாஸ்மின் உதட்டைக் கடித்துக்கொண்டு வாசல் வண்டியைப் பார்த்தார். பெண் போலீஸ் மெர்சியின் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார்.

"அருளு, அந்தம்மணியக் கூப்புடு," என்றார் மாசாணி.

யுவஸ்ரீ உள்ளே வந்தாள். அவளைப் பார்த்ததும்தான் சரவணனின் கை தாடிக்குப் போனது.

"இவரு நல்ல பெட்டி வாங்க வந்தப்ப உங்க சந்துல என்ன நின்னுச்சுன்னு மேடத்துகிட்ட சொல்லுங்க."

"இவரு கார் நின்னுச்சுங்க," என்றாள் யுவஸ்ரீ. "அதுக்குப் பின்னாடி குளிர்பெட்டி வண்டி ஒண்ணு நின்னுச்சு. செத்தவங்களை வெக்கறதுக்கு வாடகைக்குக் கொண்டுபோவாங்கல்லங்க, அது. வண்டிக்காரர் எறங்கி வந்து, நேரமாகுது கெளம்பலாமுங்கன்னு இவரைத்தான் கூப்பிட்டாரு. பக்கத்துல யாரோ தவறிட்டாங்க, அந்த வண்டிக்கு இவரு கார் வழிய மறைச்சுட்டு நிக்குதுன்னு நா நெனச்சுட்டேனுங்க."

யாஸ்மின் மெதுவாக உட்கார்ந்தார். "அந்தக் குளிர்பெட்டி அன்னிக்கு யாரு வீட்டுக்குப் போச்சுன்னு கண்டுபிடிக்கறது எனக்கு ஒரு போன் வேலை," என்றார் சரவணனிடம். "பண்ணட்டுங்களா?"

கையெழுத்துப் போட எடுத்த பேனாவைச் சரவணன் மேஜையில் வைத்தான்.

"பொள்ளாச்சியில இருந்து மாமனுங்க எல்லாம் கெளம்பிட்டாங்க," என்றான். இப்போது அவன் குரலில் அந்தக் கனம் இல்லை. "இருக்கறதுலயே நல்ல பெட்டி வாங்கிருக்கேன்னு ஆடியிலயே அவங்ககிட்டச் சொல்லிட்டேன். வந்ததும் மெஷின் ஏன் நின்னுச்சுன்னு கேப்பாங்க. பெட்டியக் கழட்டிப் பாப்பாங்க. இத்தனை தோப்பு வெச்சுட்டு அம்மாவுக்கு மட்டமானதை வாங்கிப் போட்டான்னு ஊரே பேசுமுங்க. குளிர்பெட்டி எடுத்துட்டு வாரேன்னு நானே போனேன். பழசைக் கெணத்துல போட்டுட்டேன். பெட்டி நல்லா இருந்தா மெஷின் ஏன் நின்னுச்சுன்னு மறுபடி கேட்டாங்க. அதுக்கு ஒரு பதில் வேணுமுல்லங்க..."

அவன் மெர்சியின் பக்கம் கையைக் காட்டப் போனான். பாதியில் கை நின்றுவிட்டது. ஒரு கொலைகாரனாக இருந்திருந்தால் மாசாணிக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. வெறும் வெட்கத்துக்காக ஒரு பெண்ணை ஜெயிலுக்கு அனுப்பத் துணிந்தவனை என்ன பெயர் சொல்லித் திட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

பெண் போலீஸ் மெர்சியின் கையை விட்டார்.

"இன்னொண்ணு மேடம்," என்றாள் யுவஸ்ரீ. அவள் யாரையும் குற்றம் சாட்டுகிற குரலில் பேசவில்லை. இன்னும் நம்ப முடியாமல் கேட்பது போலிருந்தது. "பெட்டியைத் துணியில சுத்திக் குடுக்கறப்ப நா கேட்டேனுங்க, அம்மா எப்படி இருக்காங்கன்னு. 'நல்லா இருக்காங்க'ன்னு சொன்னாருங்க."

சரவணன் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

மெர்சி அவன் பக்கம் திரும்பினாள். கோபமாகப் பேசுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"அப்ப அம்மா ஹால்ல பாயில கெடந்தாங்க," என்றாள். "சொந்தக்காரங்க யாரும் வந்து சேரல. நாந்தானுங்க பக்கத்துல உக்காந்து ஈ ஓட்டிட்டு இருந்தேன்."

சரவணன் தலையை நிமிர்த்தவே இல்லை.